மூடுபனியில் மூன்று பொட்டு

மூடுபனியில் கப்பலை அடிப்பது எப்படி என்று நம் கூட்டாளிகள் செட்டில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் ஃபெயிலானவன் நான். கடலைப் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். ஆனால் பதின்மூன்று வயதில், கண்ணை மூடிக்கொண்டு, சரக்குக் கப்பல்களை மூழ்கடித்திருக்கிறேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள். இன்று என் பெயரில் ஏழு போர்வெல் ரிக் வண்டி ஓடுகிறது. ஒன்றிலும் கூட்டு கிடையாது. போர் போடும்போது வண்டிக்குப் பத்தடி தள்ளி நின்று, சுத்தியல் இறங்கும் சத்தத்தை வைத்தே, கீழே இருப்பது முழுப் பாறையா, வெடிப்பு விட்ட பாறையா என்று சொல்லிவிடுவேன். இன்ஜினியரிங் முடித்த பையன்கள் நிலத்தடி சர்வே பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்தக் காது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம், “பொறப்புலயே வந்ததுங்க” என்று இத்தனை வருஷம் அளந்துவிட்டேன். அது பொய். புதுச்சத்திரத்தில் பெரியப்பா வீட்டில், ஒரு கோடை லீவில் வந்தது.

பெரியப்பாவிடம் அப்போது இரண்டு ரிக். ஒன்றில் என் அப்பா டிரைவர். கூடப் பிறந்த தம்பி என்றாலும் சோலி சோலிதான். அந்தக் கோடை முழுக்க அப்பா ஆந்திராவில். அம்மாவும் நானும் பெரியப்பாவின் தோட்டத்துக் கோடியில் ஓட்டு வீட்டில் இருந்தோம். பெரியப்பா மகன் எனக்கு ஒரு வயது மூத்தவன். ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். லீவுக்கு வந்தவனுக்காக அந்த வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. புதுச்சத்திரத்தில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். இதில் எவனாவது மறுத்துப் பேசினால் நேரில் வரச் சொல்லுங்கள்.

அந்த அறைக்குள் காலைக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்டெபிலைசர். வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் அது டக், டக் என்று அடிக்கும். வெள்ளிக்கிழமை தோறும் பெரியம்மா ஈரத்துணியால் திரைக் கண்ணாடியைத் துடைத்து, மேல் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். வண்டிக்கு வைப்பதில்லையா, அதுபோல.

அண்ணனின் மாமா பெங்களூரிலிருந்து கறுப்புச் சதுரமாக ஒரு ஃபிளாப்பி கொடுத்தனுப்பியிருந்தார். அதில் இருந்ததுதான் சப்மெரின் ஆட்டம். அதன் பெயர் நீளமான இங்கிலீஷ். எனக்கு அன்றும் வாசிக்க வரவில்லை, இன்றும் நினைவில்லை. நீருக்கடியில் நம் கப்பல். மேலே எதிரியின் சரக்குக் கப்பல்கள் போகும். அவற்றுக்குத் துணையாகக் காவல் கப்பல் ஒன்று சுற்றி வரும். நாம் சரக்குக் கப்பலை டார்பிடோவால் அடித்துவிட்டு, காவல் கப்பலிடம் சிக்காமல் வீடு திரும்ப வேண்டும். ஒருமுறை மூழ்கினால் அவ்வளவுதான், அதுவரை அடித்ததெல்லாம் அழிந்துவிடும். கேப்டன் என்று அண்ணன் தன் பெயரை அடித்தான். இரண்டு பெயருக்கு இடம் இல்லை.

வெயில் நாளில் அண்ணன் புலி. பெரிஸ்கோப்பை உயர்த்துவான், தூரத்தைப் பார்ப்பான், பட்டனைத் தட்டுவான், கப்பல் பிளந்துவிடும். ஆனால் அந்த ஆட்டத்தில் சில நாள் மூடுபனி இறங்கும். திரை முழுக்கச் சாம்பல். பெரிஸ்கோப்பில் பார்த்தாலும் சாம்பல்தான். அண்ணன் பதறிப்போய்த் தண்ணீருக்கு மேலே வந்து எட்டிப் பார்ப்பான். மேலே வந்தால் நம் டீசல் இன்ஜின் போடும் இரைச்சலில் மற்றது எதுவும் கேட்காது. சாம்பலுக்குள்ளிருந்து ஒரு கப்பலின் முகப்பு திடீரென்று முளைத்து நம்மை இரண்டாக மிதித்துவிட்டுப் போகும். இப்படி நான்கு கப்பலைத் தொலைத்தான்.

“நீ சும்மாதான உக்காந்திருக்கற, இந்தா, நீ பண்ணு பாக்கலாம்” என்று ஐந்தாவது தடவை எரிச்சலில் எழுந்துகொண்டான்.

நான் மேலே போகவில்லை. இறக்கினேன். இன்ஜினை நிறுத்தினேன். அந்த ஆட்டத்தில் கேட்கும் கருவி ஒன்று உண்டு. நாங்கள் அதைக் காது என்றே சொல்வோம். முள்ளைத் திருப்பினால் எந்தத் திசையில் என்ன சத்தம் என்று கேட்கும். ஃபேன் சத்தத்தில் அது எடுபடாது என்று அண்ணனின் வாக்மேன் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஆரஞ்சு நிறப் பஞ்சு வைத்தது. காதோரம் வேர்த்து, பஞ்சு ஈரமாகி, ஒரு புளித்த வாசம் வரும். இன்றும் மழைக்கு நனைந்த மெத்தை வாசம் வந்தால் எனக்கு அந்த ஹெட்போன்தான் ஞாபகம் வருகிறது.

சரக்குக் கப்பல் மாவு ஆட்டும் கிரைண்டர் மாதிரி மெதுவாகச் சுற்றும். காவல் கப்பல் தையல் மிஷின். இரண்டே நாளில் பிரித்துக்கொண்டேன். ஆனால் சத்தம் கேட்டால் போதுமா? அது எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமே. ஆட்டத்து வரைபடம் கண்ணால் பார்த்த கப்பலைத்தான் காட்டும், காதால் கேட்டதைக் காட்டாது. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. பெரியம்மாவின் கண்ணாடி மேஜையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றை எடுத்து வந்தேன். வரைபடத்தில் நம் கப்பல் நிற்கும் இடத்தில் ஒரு கறுப்பு நூலின் நுனியை விரலால் அழுத்திக்கொள்வேன். சத்தம் வரும் திசையில் நூலை நீட்டுவேன். சத்தத்தின் கனத்தைக் கொண்டு தூரத்தைக் குத்துமதிப்பாக வைத்து, திரைக் கண்ணாடியின் மேலேயே ஒரு பொட்டு ஒட்டுவேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம் கழித்து இன்னொன்று. இன்னும் மூன்று நிமிஷம், மூன்றாவது பொட்டு. மூன்றும் ஒரு வரிசையில் நின்றால் அதுதான் கப்பல் போகும் வழி. பொட்டுக்குப் பொட்டு உள்ள இடைவெளிதான் அதன் வேகம். நான்காவது பொட்டு எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்துக்கு முன்னால் பக்கவாட்டில் போய், இன்ஜினை அணைத்துவிட்டு, நெருங்கி வரும்வரை காத்திருப்பேன். தூரத்தில் இருக்கும்போதே அடித்தால் அது கொஞ்சம் திரும்பினாலும் டார்பிடோ வீண். காவல் கப்பலுக்கும் நாம் இருப்பது தெரிந்துவிடும். மூடுபனியில் பொறுமைதான் குண்டு.

முதல் கப்பல் அப்படி வெடித்தபோது அண்ணன் கட்டிலில் ஏறிக் குதித்தான். “என்றா இது! கண்ண மூடிக்கிட்டு அடிச்சுப்போட்ட!” என்றான். அன்றிலிருந்து வெயில் நாளுக்கு அவன் கேப்டன், மூடுபனிக்கு நான்.

ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. சில சமயம் கேட்டுக்கொண்டே இருக்கும்போது தையல் மிஷின் நேராக வந்து நம் தலையில் ஏறிவிடும். எப்போது ஏறும், எப்போது விலகிப் போகும் என்று தெரிந்துகொள்ள, நான் செய்தது மடத்தனம். நாமக்கல் ரோட்டு ஓரத்துப் புளியமரத்தடியில் நின்று, அண்ணனிடம் என் கண்ணைத் துண்டால் கட்டச் சொன்னேன். வருகிற வண்டி எது, எந்தப் பக்கம் என்று சொல்லி வந்தேன். பஸ், இடது. டிராக்டர், தூரம். அண்ணன், “கரெக்டு, கரெக்டு” என்று எண்ணிக்கொண்டே வந்தான்.

அப்புறம் ஒரு லாரி. மற்ற வண்டியெல்லாம் வரும்போது சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகரும். இது நகரவில்லை. ஒரே திசையில் நின்றது, பெருத்துக்கொண்டே வந்தது. அண்ணன் “லாரி” என்று கத்தியது எனக்குக் கேட்பதற்குள் நான் மரத்துக்குப் பின்னால் விழுந்திருந்தேன். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிய லாரி, நான் நின்ற மண்ணை உழுதுவிட்டுப் போயிருந்தது. என் ஒற்றைச் செருப்பு தார் ரோட்டில் தட்டையாகக் கிடந்தது.

டீக்கடைக்காரர் ஓடி வந்து இருவர் முதுகிலும் ஒன்று வைத்தார். “ஏஞ்சாமி, சாவறதுக்கு எங்கடை முன்னாடிதான் எடம் கெடச்சுதா? கண்ணக் கட்டி ஆடறதுக்கு இது என்ன உங்கூட்டு வாசலா?”

முதுகு எரிந்தது. ஆனால் எனக்கு விஷயம் கிடைத்துவிட்டது. திசை மாறாமல் சத்தம் பெருத்தால், அது உன் மேல் வருகிறது. திசை மாறிக்கொண்டே போனால், அது உன்னை விட்டுப் போகிறது. இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

வாத்தியார் என்றதும் சொல்கிறேன். மே மாதம் ரிசல்ட் வந்தது. எட்டாம் வகுப்பு, ஃபெயில். கணக்கிலும் சேர்த்து. எனக்கு விடை வரும், வழி எழுத வராது. அதே வாரம் ஆந்திராவிலிருந்து தகவல் வந்தது. ரிக்கில் இருந்த ஆள் ஒருவன் ஓடிவிட்டான், மாற்றுக்கு ஆள் வேண்டும். மத்தியானச் சாப்பாட்டில் பெரியப்பா இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

“பையன ரிக்குக்குத் தாட்டி உட்ரலாமா? படிப்பு ஏறலீன்னா அப்பங்கூட இருந்து தொழிலாவது கத்துக்கட்டும்.”

பரிமாறிக்கொண்டிருந்த என் அம்மாவின் கரண்டி நின்றது.  மறுத்துச் சொல்லும் இடத்தில் அம்மா இல்லை. அண்ணன்தான் சோற்றுக் கையோடு எழுந்தான்.

“அப்பா, இவனுக்கு மூளை இருக்குதுப்பா. என்னையவிட நல்லாக் கணக்கு போடறான். எங்கூடவே ஏற்காட்டுல சேத்து உடுங்கப்பா.”

“எட்டாவது ஃபெயிலு, மூளை இருக்குதா? எங்க, காட்டச் சொல்லு.”

“கம்ப்யூட்டர்ல வந்து பாருங்கப்பா. ஒரு தடவை பாத்தீங்கன்னா நீங்களே சேத்து உட்ருவீங்க.”

பெரியப்பா சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. சிரித்தபடியே சொன்னார்: “சரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊட்ல இருப்பேன். எங்கண்ணு முன்னால செஞ்சு காட்டட்டும். ஆளு வேல செய்யறது கண்ணுல பட்டுச்சுன்னா, உங்கூடவே சேத்தறேன். போதுமா?”

வெள்ளிக்கிழமை வந்தது. ஆட்டத்தைத் திறந்தால், சாம்பல். மூடுபனி.

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. “போச்சு. இன்னிக்கே பாத்து. அப்பா என்னத்தப் பாப்பாரு?” விட்டுவிட்டு வேறு நாள் தொடங்கலாம் என்றால், பயணத்தின் நடுவில் இருக்கிறோம், முழு ஆட்டமும் போய்விடும். பெரியப்பா பனியனோடு, மோர் டம்ளரோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் ஹெட்போனை மாட்டினேன். இறக்கினேன். நிறுத்தினேன். கேட்டேன். கிரைண்டர் ஒன்று, தூரத்தில். அதைச் சுற்றித் தையல் மிஷின். நூலை நீட்டி முதல் பொட்டு ஒட்டினேன்.

“என்றா பண்றான்? பொம்பளையாளு பொட்ட எடுத்து ஒட்டிக்கிட்டு?”

“கப்பல் போற வழிங்கப்பா.”

“கப்பல் எங்க?”

“பனிக்குள்ள இருக்குதுப்பா. தெரியாது. கேக்கத்தான் முடியும்.”

பெரியப்பா மோரைக் குடித்தார். மூன்று நிமிஷம், இரண்டாவது பொட்டு. மூன்று நிமிஷம், மூன்றாவது. மூன்றும் வரிசையாக நின்றன, அழகாக. நம் கப்பலை நகர்த்தி, அதன் வழிக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டேன். கண் திறந்திருந்தால் பெரியப்பாவின் கால் ஆடுவது தெரிந்தது. அது என் கணக்கைக் கெடுத்தது.

அப்போதுதான் நெற்றியில் ஈரம் தெறித்தது. கண்ணைத் திறந்தேன். பெரியம்மா.

“அக்கட்டால தலைய எடு சாமி. வெள்ளிக்கெழமை, இன்னும் தொடைக்கவே இல்ல” என்றவர், ஈரத்துணியால் கண்ணாடியை இடமிருந்து வலம் ஒரே இழுப்பு இழுத்தார். என் மூன்று பொட்டும் துணியில் ஒட்டிக்கொண்டு போய்விட்டன. “நாங் காணமுன்னு தேடறேன், இங்க வெச்சு வெளையாடிருக்கறானுங்க” என்று சொல்லி, மேல் ஓரத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். திரையில் மறுபடியும் வெறும் கடல்.

நான் அழவில்லை. கன்னத்தைக் கண்ணாடியோடு ஒட்டி, ஓரமாகச் சாய்ந்து பார்த்தேன். ஸ்டிக்கரின் பசை துணிக்கு வராது. வெளிச்சம் சாய்ந்து விழுந்தபோது மங்கலாக மூன்று வட்டம் தெரிந்தது. இருந்தது. நான் குறி வைத்த கப்பல் இன்னும் அதே வழியில்தான் வந்துகொண்டிருந்தது. அந்த மூன்று வட்டத்தையும் விட்டுவிடக் கூடாது என்று கன்னத்தை எடுக்காமல் அப்படியே இருந்துவிட்டேன். காதில் ஹெட்போன். கண் பாதி மூடியிருந்தது. கிரைண்டர் நெருங்கியது.

அண்ணன் என் காதோரம் குனிந்தான். “அடிச்சுருடா. இப்பவே அடிச்சுரு. படாட்டியும் பரவால்ல, டார்பிடோ போறதையாவது அப்பா பாப்பாருடா.”

“இன்னும் தூரம்ணா.”

“டேய், அப்பா மணி பாக்கறாருடா.”

அதை நானும் கவனித்தேன். அவர் நான்கு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நானும் அதே கடிகாரத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்காடு எனக்கு வேண்டாம் என்றா நினைக்கிறீர்கள்? ஸ்வெட்டர் போட்ட பையன்களை அண்ணனின் போட்டோவில் பார்த்து ஏங்கியவன் நான். விரல் பட்டனின் மேல்தான் இருந்தது. தட்டியிருந்தால் திரையில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருக்கும். பெரியப்பா, “ஓ” என்றிருப்பார். ஆனால் கோடு மட்டும்தான் ஓடியிருக்கும், கப்பல் தப்பியிருக்கும். தப்பும் என்று தெரிந்தும் எப்படித் தட்டுவது?

ஸ்டெபிலைசர் டக் என்றது. நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.

“இவம் பாட்டு கேட்டுக்கிட்டுத் தூங்கறான்” என்றார் பெரியப்பா. கோபமாகக்கூட இல்லை. “கண்ணாடி குளுகுளுன்னு இருக்குதாட்ட இருக்குது, கன்னத்த வெச்சுப் படுத்துக்கிட்டான். திங்கக்கெழம லாரி போகுது. ஏத்தி உட்டுரு புள்ள” என்று பெரியம்மாவிடம் சொல்லியபடியே சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் நகரவில்லை. கிரைண்டர் நான்காவது பொட்டின் இடத்துக்கு வர இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. வாசலில் பெரியப்பா கார் டிரைவரைக் கூப்பிட்டார். செம்பில் தண்ணீர் குடித்தார். எல்லாம் கேட்டது. கிரைண்டர் வந்தது. மூன்று டார்பிடோவை ஒன்றன்பின் ஒன்றாக விட்டேன்.

அண்ணனுக்கு அப்போதும் நம்பிக்கை போகவில்லை. அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினான். முதல் டார்பிடோ தவறியது. இரண்டாவது வெடித்தது. மூன்றாவதும். ஸ்பீக்கர் வாயைப் பிளந்து அலறியது. பெரியம்மா சமையற்கட்டில் தட்டைப் போட்டார். சாம்பலுக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் பூத்து, திரையின் ஓரம் முழுக்கப் பரவியது.

“அப்பா! அப்பா, அடிச்சுட்டாம்ப்பா! வந்து பாருங்கப்பா!” என்று அண்ணன் வெறுங்காலோடு ஓடினான்.

திங்கட்கிழமை என்னை லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது பெரியம்மா வந்து, ஒரு புது ஸ்டிக்கர் பொட்டு அட்டையை என் சட்டைப்பையில் செருகி, “அங்க ரிக்கு மிஷினுக்கு வெச்சுக்கோ கண்ணு” என்றார். அவர் என்ன புரிந்துகொண்டு கொடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அட்டை ஆந்திரா மழையில் நைந்து போனது. அண்ணன் இன்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பல் டாக்டர். வருஷத்துக்கு ஒரு தடவையாவது, என் வாயைத் திறக்க வைத்துவிட்டுக் கேட்பான், “ஏன்டா அன்னிக்கு அப்பா இருக்கறப்பவே அடிக்கல? அடிச்சிருந்தா எங்கூடப் படிச்சிருப்பியேடா.” வாயில் கருவி இருக்கும்போது நான் என்ன பதில் சொல்ல?

பெரியப்பாவைப் பற்றி இருபது வருஷம் எல்லோரிடமும் குறை சொல்லித் திரிந்தேன். கண்ணில் பட்டதை மட்டும் நம்பிய மனுஷன் என்று. இப்போது நானும் முதலாளி. ஆள் இல்லாமல் வண்டி நின்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு போகும் என்று தெரியும். அவர் கால் மணி நேரம் உட்கார்ந்ததே பெரிது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். என் வண்டிகளில், ஓரமாகக் கண்ணை மூடி நிற்கிறவனை நான் எழுப்பியதில்லை. தூங்குகிறவனும் அதில் தப்பித்துவிடுகிறான். இருக்கட்டும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அண்ணன் ஓடிவிட்டான். நான் ஓடவில்லை. ஓட முடியாது. வெடிச் சத்தத்துக்குக் காவல் கப்பல் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. ஒயரை மறுபடி செருகி, ஆழத்தில் இறக்கி, எல்லாவற்றையும் அணைத்தேன். தையல் மிஷின் பெருத்துக்கொண்டே வந்தது. திசை மாறவில்லை.  ஒரு பக்கத்துப் பஞ்சைக் காதிலிருந்து நகர்த்தினேன். அந்தக் காதில் பெரியப்பாவின் அம்பாசடர் கிளம்பியது. முதல் கியர். கேட். அதன் பின்னால் அண்ணனின் குரல்.

கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டேன். தையல் மிஷின் சத்தம் காதுக் கருவியின் முள்ளில் ஒரு கோடு தள்ளிக் கேட்டது. அப்புறம் இன்னொரு கோடு. விலகத் தொடங்கியது. ஜன்னலுக்கு இடது பக்கம் கேட்ட அம்பாசடர் நடு ஜன்னலுக்கு வந்தது. இரண்டாவது கியர். வலது பக்கம் போனது. நாமக்கல் ரோட்டில் ஏறி, மூன்றாவது கியரில், திசை மாறிக்கொண்டே, சின்னதாகிக்கொண்டே போனது.

அண்ணன் திரும்பி வந்தான். கால் முழுக்கப் புழுதி. கட்டைவிரலில் ரத்தம். கழுவாமலே உள்ளே வந்தான்.

“நிக்கலடா” என்றான்.

“தெரியும்ணா.”

“நம்ம கப்பலு?”

“உசுரோட இருக்குது. பேசாத.”

அவன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான் நகர்த்தி வைத்திருந்த அந்தப் பக்கத்துப் பஞ்சைத் தன் காதில் வைத்துக்கொண்டான்.